ரக்கூன் சிட்டியும் கவரைப்பேட்டையும்

ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில்’ கேமில், ஆபத்து காட்டோரத்து மாளிகை ஒன்றுக்குள் அடைந்து கிடந்தது. 1998 ஜனவரியில் இரண்டாம் பாகம் வந்தபோது அது மதிலைத் தாண்டி ஊருக்குள் புகுந்துவிட்டது. ரக்கூன் சிட்டி என்ற அந்தக் கற்பனை ஊரில் அம்ப்ரெல்லா என்னும் மருந்துக் கம்பெனி வைத்ததுதான் சட்டம். ஊருக்கு அடியில் அதன் ரகசிய ஆய்வுக்கூடம் இயங்குகிறது. காவல்துறைத் தலைவர் கம்பெனியிடம் லஞ்சம் வாங்கிக்கொண்டு எதையும் கேட்பதில்லை. வில்லியம் பிர்கின் என்ற விஞ்ஞானியிடமிருந்து அவர் உருவாக்கிய வைரஸைப் பறிக்கக் கம்பெனியின் ஆயுதப்படை வருகிறது. அந்த மோதலில் வைரஸ் குப்பிகள் சாக்கடையில் உடைகின்றன, எலிகள் தொற்றை ஊரெங்கும் கொண்டுபோகின்றன. சில நாட்களுக்குள் ஊர்மக்கள் கடித்துத் தின்ன அலையும் ஜோம்பிகளாகிறார்கள். முதல் நாள் வேலைக்கு வந்து சேரும் லியான் கென்னடி என்ற இளம் போலீஸ்காரரும், அண்ணனைத் தேடி வரும் கிளேர் ரெட்ஃபீல்ட் என்ற கல்லூரி மாணவியும் அந்த ஊரிலிருந்து உயிரோடு வெளியேற வேண்டும். இதே கதையை 2019 ஜனவரியில் காப்காம் கம்ப்யூட்டருக்கும் மற்ற கருவிகளுக்கும் முழுதாகப் புதுப்பித்து வெளியிட்டது. அந்தப் பதிப்பு உலகெங்கும் 1 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. ஜோம்பிகளை ஒதுக்கிவைத்துவிட்டுக் கதையைப் பார்த்தால், அது ஒரு தொழிற்சாலைக் கசிவின் கதை. 2016-இல் வந்த ‘மிருதன்’ என்ற தமிழ் ஜோம்பிப் படத்திலும் எல்லாம் ஒரு நாய் ரசாயனத்தை நக்குவதில்தான் தொடங்குகிறது. ஆலையிலிருந்து வெளியேறும் ஏதோ ஒன்று ஊரைக் கொல்லும் என்ற அச்சம் இந்த வகைக் கதைகளின் அடிப்படையாக இருக்கிறது.

அந்த அச்சத்துக்கு மிக அருகில் வாழும் ஊர்கள் சென்னைக்கு வடக்கே வரிசையாக இருக்கின்றன. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் உரத் தொழிற்சாலை, அத்திப்பட்டில் அனல்மின் நிலையம், கடலோரத்தில் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும். கொல்கத்தா நெடுஞ்சாலையில் இன்னும் வடக்கே போனால் ஆந்திர எல்லைக்குச் சற்று முன் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. அங்கே இரும்பு ஆலைகள் பழைய இரும்பை இண்டக்‌ஷன் ஃபர்னஸில் உருக்கிக் கட்டடக் கம்பிகளாக இழுக்கின்றன. ஸ்கிராப்புக்குள் ஈரமோ, மூடிய உருளை ஒன்றோ சிக்கியிருந்தால் உருகிய இரும்பு வெடித்துச் சிதறும். இந்த ஆபத்தை உலை மேடையில் நிற்பவர்கள் அன்றாடம் மனதில் வைத்தே வேலை செய்கிறார்கள். ஆலை மதிலுக்கு வெளியே கிராமங்கள், வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் லைன் வீடுகள், 1990 முதல் இருந்துவரும் இலங்கைத் தமிழர் முகாம் எல்லாம் இருக்கின்றன. இந்த நிலப்பரப்பை மனதில் வைத்து, ஜோம்பி கேம் விளையாடுபவருக்கு ஆபத்துக் காலத்தைப் பற்றி அது எதைக் கற்றுக்கொடுக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். பயந்த உடலைப் பற்றி இந்த கேம் சொல்வது பெரும்பாலும் சரி என்பதும், பயந்த ஊரைப் பற்றி அது சொல்வது பெரும்பாலும் தவறு என்பதும் இந்த அத்தியாயத்தின் வாதம். இரண்டாவது தவறு கேமோடு நின்றுவிடுவதில்லை. பேரிடரைக் கையாளும் பொறுப்பில் இருப்பவர்களிடமும் அதே நம்பிக்கை இருக்கிறது, அதனால் உயிர்கள் போயிருக்கின்றன.

முதலில் உடல். மூளையில் அமிக்டலா என்ற வாதுமை வடிவச் சிறுபகுதி, ஆபத்தை அடையாளம் காணும் வேலையில் முக்கியப் பங்கு வகிக்கிறது. கண்ணும் காதும் தரும் செய்தி இரண்டு பாதைகளில் அங்கே போய்ச் சேர்வதாக அமெரிக்க நரம்பியலாளர் ஜோசப் லெடூ விளக்கினார். ஒரு பாதை குறுக்குவழி. தெளிவில்லாத, அரைகுறையான செய்தியை நொடியின் சிறு பகுதிக்குள் கொண்டுசேர்க்கும். மற்றது மூளைப் புறணி வழியாகச் சுற்றி வரும். தாமதமானாலும் அது தரும் செய்தி தெளிவாக இருக்கும். இருட்டில் கயிற்றைப் பார்த்துத் துள்ளிக் குதித்த பிறகுதான் அது கயிறு என்று நமக்குத் தெரிவது இதனால். துள்ளும் அந்தக் கணத்தில் அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, கவனம் ஆபத்தின் மேல் குவிந்து மற்றதெல்லாம் மங்கிப்போகிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. திட்டமிடுதல், எண்ணிக்கையை நினைவில் வைத்திருத்தல், அவசரப்பட்டுச் செய்யத் தோன்றுவதை அடக்குதல் ஆகிய வேலைகளைச் செய்யும் முன்மூளைப் புறணியின் பிடி, கடும் அழுத்தத்தில் சுரக்கும் வேதிப்பொருள்களால் தளர்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் எய்மி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகளாக ஆய்ந்து காட்டிய விஷயம் இது. மூளையின் மிக நுட்பமான பகுதி, அது அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் முதலில் கைவிடுகிறது.

புதுப்பிக்கப்பட்ட ‘ரெசிடென்ட் ஈவில் 2’ இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. அதன் பயங்கரம் இரத்தக் காட்சிகளில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இரத்தம் சில நிமிடங்களில் பழகிவிடும், பழகாமல் இருப்பது பற்றாக்குறை. தொடக்கத்தில் பொருள் வைத்துக்கொள்ள எட்டே இடங்கள்தான். துப்பாக்கி ஒன்று, தோட்டா ஒன்று, மருந்துச் செடி ஒன்று, இரண்டு சாவி என்று வைத்தால் பாதிக்கு மேல் நிரம்பிவிடும். தலையில் சுட்டாலும் ஜோம்பி விழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, விழுந்ததும் திரும்ப எழலாம். கத்திகூடத் தேய்ந்து உடைகிறது. இதற்கு நடுவில் மிஸ்டர் எக்ஸ் என்று விளையாடுபவர்கள் அழைக்கும் ராட்சத உருவம் போலீஸ் நிலையம் முழுக்க நம்மைத் தேடி நடக்கிறது. அங்கே அதைக் கொல்ல முடியாது, ஓடத்தான் வேண்டும். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அதன் கால்சத்தம் மேல்மாடியிலிருந்தா அடுத்த அறையிலிருந்தா என்று துல்லியமாகக் கேட்கும். கண்ணால் பார்க்காத எதிரியின் தூரத்தைக் காது அளந்துகொண்டே இருக்கையில், மனம் எத்தனை தோட்டா மிச்சம், இந்தச் சாவி எந்தக் கதவுக்கு, சுற்றிப் போனால் எத்தனை ஜோம்பி என்று கணக்குப் போட வேண்டும். பயம் எந்தத் திறனைத் தளர்த்துகிறதோ அந்தத் திறனையே பயத்தின் நடுவில் வேலை வாங்குகிறது இந்த கேம். வடிவமைத்தவர்கள் நரம்பியல் பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்திருக்க வேண்டியதில்லை. எது நம்மைத் திணறடிக்கிறது என்று விளையாடிப் பார்த்துப் பார்த்தே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கலாம்.

பணம் கொடுத்து இப்படித் திணற ஏன் ஒருவர் விரும்ப வேண்டும் என்பதற்கு டென்மார்க்கிலிருந்து ஒரு விடை கிடைத்திருக்கிறது. ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெய்லெ என்ற ஊரில் நடந்த ஒரு பயங்கர வீட்டுக் காட்சிக்கு வந்த 110 பேரின் உடலில் இதயத்துடிப்புமானியைப் பொருத்தி உள்ளே அனுப்பினார்கள். 2020-இல் வெளியான அந்த ஆய்வின்படி, பயம் கூடக்கூட இன்பமும் ஒரு கட்டம் வரை கூடுகிறது, அதைத் தாண்டினால் குறைகிறது. பயமே இல்லாதபோதும் இன்பம் இல்லை, தாங்க முடியாத பயத்திலும் இன்பம் இல்லை. நடுவில் ஓர் இடத்தில், தன் உடல் பதறுவதைத் தானே கவனித்துக்கொண்டும் அதை ஓரளவு கட்டுக்குள் வைத்துக்கொண்டும் இருக்கும் நிலையை மனிதர்கள் தேடிப் போகிறார்கள். கம்ப்யூட்டர் கேம் இதற்கு வாகானது. கடினத்தின் அளவை நாமே தேர்ந்தெடுக்கலாம், சேவ் செய்யலாம், வேண்டாம் என்றால் நிறுத்தலாம். பயத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் விளையாடுபவர் கையில் இருக்கிறது.

அந்தக் குமிழ் இருப்பதாலேயே இது உண்மையான பயம் அல்ல என்றும், நிஜ ஆபத்தில் இதனால் எந்தப் பயனும் இராது என்றும் ஓர் எதிர்வாதம் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஒரு திறனில் பெற்ற பயிற்சி இன்னொரு திறனுக்குத் தானாக மாறிப் போவதில்லை என்பது கற்றல் உளவியலில் நன்கு நிறுவப்பட்ட முடிவு. திரையில் ஜோம்பியைக் குறி பார்த்தவருக்குத் தீயணைப்பானைப் பிடிக்கத் தெரியாது. கொரோனாவின் தொடக்க மாதங்களில் 310 பேரிடம் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வில், திகில் படங்களை விரும்புபவர்களிடம் மனக்குலைவு குறைவாக இருந்ததாகத் தெரிந்தது. ஜோம்பி வகைப் படங்களை விரும்புபவர்கள் நடைமுறைத் தயாரிப்பிலும் சற்று முன்னால் இருந்தார்கள். இதைப் பிடித்துக்கொண்டு திகில் கதை மனிதரைத் திடமாக்குகிறது என்று சொல்லிவிட முடியாது. இயல்பிலேயே திடமானவர்கள் திகிலை விரும்பியிருக்கலாம். இரண்டில் எது காரணம், எது விளைவு என்று அந்த ஆய்வால் பிரித்துக் காட்ட முடியவில்லை, அதைச் செய்தவர்களும் அப்படி உரிமை கோரவில்லை.

ஆனாலும் எதிர்வாதம் ஒன்றைத் தவறவிடுகிறது. பேரிடரில் உயிர் போவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று திகைப்பு. ஜான் லீச் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் கப்பல், விமான விபத்துகளில் தப்பியவர்களையும் தப்பாதவர்களையும் பற்றி ஆராய்ந்தார். ஓடக்கூடிய வழி இருந்தும் பலர் அசையாமல் இருந்த இடத்திலேயே இருந்துவிடுவதை அவர் பதிவு செய்தார். அவர் தரும் விளக்கம் எளிமையானது. முன்பே பழகிய செயல் என்றால் மூளை அதை உடனே எடுத்துவிடும். இதுவரை காணாத சூழலுக்குப் புதிதாக ஒரு திட்டம் வகுக்க வேண்டுமானால் பல விநாடிகள் பிடிக்கும், பயம் அதை இன்னும் நீட்டிக்கும். தீயும் புகையும் அத்தனை விநாடி காத்திருப்பதில்லை. ஒத்திகை என்பதன் அறிவியல் அடிப்படை இதுதான். எந்த வாசல், எந்தப் பக்கம், யாரை அழைத்துக்கொண்டு என்பதை ஒருமுறையேனும் செய்து பார்த்த மனத்தில் ஒரு தடம் பதிந்திருக்கும். ஜோம்பி கேமில் எந்த வாசல் என்ற தடம் பதியாது. பதறிக்கொண்டிருக்கையிலும் அடுத்த ஒரு முடிவை எடுக்கலாம் என்ற அனுபவம் கிடைக்கும். சிறிய லாபம்தான், அதை மிகைப்படுத்தத் தேவையில்லை, இல்லை என்றும் சொல்லத் தேவையில்லை.

வன்முறை கேம் பிள்ளைகளை வன்முறையாளர்களாக்கும் என்ற பெற்றோரின் கவலைக்கு இங்கே சுருக்கமான விடை போதும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் நெட்டா வைன்ஸ்டைனும் 14, 15 வயதுள்ள சுமார் ஆயிரம் பிரிட்டிஷ் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் கேட்டு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வன்முறை கேம்களுக்கும் பிள்ளைகளின் மூர்க்கத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆய்வைத் தொடங்கும் முன்பே எப்படி அளக்கப் போகிறோம் என்று பதிவு செய்துவிட்டு நடத்தியது அது, ஆகவே வேண்டிய முடிவுக்கு வளைத்தார்கள் என்று சொல்ல வழியில்லை. தூக்கம் கெடுவதும் படிப்பு கெடுவதும் வேறு கவலைகள், அவை நியாயமானவை. கவலைப்பட வேண்டிய பாடம் வேறு ஒன்று இருக்கிறது. துப்பாக்கியைவிட நுட்பமாக அது மனதில் இறங்குகிறது.

அந்தப் பாடம் கூட்டத்தைப் பற்றியது. ஜோம்பிக் கதையில் ஊர்மக்கள் என்றால் ஆபத்து. தெருவில் தெரியும் ஒவ்வொரு உருவமும் கடிக்க வருவது. பேரிடர் வந்ததும் மனிதன் மனிதத்தன்மையை இழந்து கும்பலாகிவிடுவான், பிழைக்க வேண்டுமானால் கும்பலிலிருந்து விலகு, கதவைச் சாத்து, இருப்பதைப் பதுக்கு என்பது அதன் விதி. ரக்கூன் சிட்டியில் இந்த விதி பொருந்தும், ஏனென்றால் அங்கே ஊர்மக்கள் ஏற்கனவே இறந்துவிட்டார்கள். உண்மையான பேரிடர்களை ஆராய்ந்தவர்கள் கண்டது கிட்டத்தட்ட நேர்மாறு. அமெரிக்கச் சமூகவியலாளர் என்ரிகோ குவாரன்டெல்லி 1950-களிலேயே, கண்மூடித்தனமான தறிகெட்ட ஓட்டம் பேரிடர்களில் மிக அரிது என்று எழுதினார். 1977 மே மாதம் கென்டக்கி மாநிலத்தில் ஒரு பெரிய உணவுக் கேளிக்கை விடுதி தீப்பற்றி 165 பேர் இறந்தார்கள். தப்பியவர்களின் வாக்குமூலங்களை வரிவரியாகப் படித்த ஆய்வாளர்கள், மக்கள் குடும்பம் குடும்பமாகவே வெளியேற முயன்றதையும், பரிமாறும் பணிப்பெண்கள் தாங்கள் பொறுப்பேற்றிருந்த மேசைகளின் விருந்தினரை வழிகாட்டி வெளியே கொண்டுவந்ததையும் கண்டார்கள். நெருப்பிலும் அவரவர் பொறுப்பு அவரவரிடம் இருந்தது. 2005 ஜூலை 7 அன்று லண்டன் சுரங்க ரயில்களில் குண்டு வெடித்தபின், மீட்புப்படை வந்து சேரும்வரை இருட்டில் அடைபட்டிருந்தவர்கள் முன்பின் தெரியாதவர்களுக்குக் கட்டுப் போட்டார்கள், தண்ணீர் பகிர்ந்தார்கள். ஒரே ஆபத்தில் மாட்டிக்கொண்டோம் என்ற உணர்வே அந்நியர்களை ஒரு குழுவாக்கியது என்று அதை ஆராய்ந்த ஜான் டூரி விளக்கினார்.

இதற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள். இரவு எட்டரை மணியளவில், பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே உள்ள கவரைப்பேட்டை நிலையத்தில், மைசூரிலிருந்து பீகாரின் தர்பங்காவுக்குப் போய்க்கொண்டிருந்த பாக்மதி எக்ஸ்பிரஸ் மெயின் லைனில் நேராகப் போக வேண்டியது, லூப் லைனுக்குள் திரும்பி, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலின் பின்புறத்தில் மோதியது. வேகம் மணிக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர். பன்னிரண்டுக்கு மேற்பட்ட பெட்டிகள் தடம்புரண்டன, ஒரு பெட்டி எரிந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள், பெரும்பாலோர் வடமாநிலத்தவர், இருட்டில், மொழி தெரியாத ஊரில், சாய்ந்து கிடந்த பெட்டிகளுக்குள் இருந்தார்கள். ஒரு ஜோம்பி கேமின் தொடக்கக் காட்சிக்கு வேண்டிய எல்லாமே அங்கே இருந்தது: நெருப்பு, இருட்டு, புரியாத கூச்சல், பெருங்கூட்டம். அந்தக் கூட்டம் செய்தது வேறு. முதலில் ஓடி வந்தவர்கள் சுற்றுவட்டார மக்கள். மீட்புப்படை சேர்வதற்கு முன்பே அவர்கள் பயணிகளை இறக்கத் தொடங்கிவிட்டார்கள். பயணிகளுக்கு அருகிலிருந்த கல்யாண மண்டபத்தில் இடமும் சாப்பாடும் கிடைத்தன, பிறகு அவர்கள் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மறுநாள் விடியற்காலைச் சிறப்பு ரயிலில் ஊருக்குக் கிளம்பினார்கள். பலர் காயப்பட்டார்கள், ஒருவர்கூட இறக்கவில்லை. பெட்டிகளின் வடிவமைப்புக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அந்த இருட்டில் ஆயிரம் பேரை இறக்கி ஒழுங்காக நகர்த்தியது, கூட்டம் என்று நாம் அஞ்சும் அதே பொருள்தான்.

இங்கே இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கலாம். கூட்டத்தால் மக்கள் சாவதில்லையா, 1992 மகாமகத்தில் கும்பகோணத்தில் நடந்தது என்ன, 2025 செப்டம்பரில் கரூரில் 41 உயிர் போனதே என்பது முதலாவது. கனமான கேள்வி. கூட்ட நெரிசலை ஆராய்பவர்கள் சொல்லும் விடை உளவியலைவிட இயற்பியலுக்கு நெருக்கமானது. ஒரு சதுர மீட்டருக்கு ஆறு, ஏழு பேர் என்ற அளவைக் கூட்டம் நெருங்கும்போது தனிமனிதரின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. உடல்கள் ஒன்றையொன்று முட்டி நீர்மம் போல அலை அலையாக அசையத் தொடங்கும். நிற்பவர்கள் நின்றபடியே மூச்சுவிட நெஞ்சு விரியாமல் மயங்குவார்கள். பின்னால் தள்ளுபவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. இதைச் சுயநலம் மிகுந்த கும்பல் மிதித்துக் கொன்றதாகச் சொல்வது, இறந்தவர்கள் மேலும் அவர்களோடு நின்றவர்கள் மேலும் பழி போடுவதாகும். அடர்த்தியைக் கணக்கிட்டு, உள்ளே வரும் வழியையும் வெளியேறும் வழியையும் பிரிக்க வேண்டியவர்களின் வேலை அது. கூட்டத்தின் குணத்தைத் திருத்தினால் தீராது, இடத்தின் அளவைத் திருத்தினால் தீரும்.

இரண்டாவது மறுப்பு கேம் தெரிந்தவர்களிடமிருந்து வரும். எல்லா ஜோம்பி கேமும் தனியாள் கதை அல்ல. 2009-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ‘லெஃப்ட் 4 டெட் 2’ நான்கு பேர் சேர்ந்து விளையாடுவது. சிலவகை ஜோம்பியிடம் மாட்டிக்கொண்டால் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ள முடியாது, கூட்டாளி ஒருவர் வந்துதான் காப்பாற்ற வேண்டும். தனியே ஓடுபவர் முதலில் சாவார். அதன் நிரல் நான்கு பேரின் பதற்றத்தையும் கணித்து, உச்சத்துக்குப் போனதும் சற்று ஓய்வு விட்டு, பிறகு மறுபடி ஜோம்பிகளை அனுப்பும். பயத்தின் ஏற்ற இறக்கத்தைக் கணினி அளக்கப் பார்த்த நல்ல முயற்சிகளில் அது ஒன்று, ஒத்துழைப்பைக் கட்டாயமாக்கியதும் பாராட்டத்தக்கது. ஆனாலும் ஒத்துழைப்பு நால்வரோடு முடிகிறது. அந்த நால்வரும் ஓடத் தெரிந்த, சுடத் தெரிந்த பெரியவர்கள். கதவைத் தட்டி எழுப்ப வேண்டிய பாட்டி இல்லை, இடுப்பில் தூக்க வேண்டிய குழந்தை இல்லை, சக்கர நாற்காலியில் ஒருவர் இல்லை. நால்வர் தவிர ஊரில் மிச்சமிருக்கும் எல்லோரும் சுடப்பட வேண்டியவர்கள்.

கேமில் இப்படி இருந்தால் என்ன என்று விட்டுவிடலாம். விட முடியாததற்குக் காரணம், இதே நம்பிக்கை ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளில் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறது என்பதுதான். 1984 டிசம்பர் 2 நள்ளிரவைத் தாண்டி போபாலில் ஓர் ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் வாயு வெளியேறியபோது, ஊருக்குக் கேட்கும் சங்கு சில நிமிடங்களில் நிறுத்தப்பட்டது. சிறு கசிவுக்கெல்லாம் ஊரைக் கலவரப்படுத்த வேண்டாம் என்பது அந்த ஆலையின் வழக்கம். மக்கள் கண் எரிந்து, இருமி எழுந்தபோதுதான் செய்தி அவர்களுக்குக் கிடைத்தது. எந்தப் பக்கம் ஓடுவது என்று யாரும் சொல்லாததால் பலர் காற்று போகும் திசையிலேயே, வாயுவோடு சேர்ந்தே ஓடினார்கள். ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளலாம் என்ற எளிய தகவல்கூட அன்று அவர்களிடம் இல்லை. மக்களுக்குச் சொன்னால் பதறி ஓடுவார்கள் என்ற அச்சம், சொல்லாமல் விட்டதால் வந்த சாவைவிடப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. அதன்பின் சட்டம் மாறியது. 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்தான தொழில் நடத்துபவர் அதைப் பற்றிய தகவலைத் தொழிலாளர்களுக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றானது. ஆபத்தான ரசாயனங்கள் குறித்த 1989-ஆம் ஆண்டு விதிகள், ஆலைக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், ஆலைக்கு வெளியே ஆண்டுக்குக் குறைந்தது ஒருமுறையும் ஒத்திகை நடக்க வேண்டும் என்கின்றன.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில், உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் பகுதி மக்கள் நள்ளிரவு நேரத்தில் மூச்சுத் திணறி எழுந்தார்கள். அவர்களை எழுப்பியது நாற்றமும் கண்ணெரிச்சலும் அக்கம்பக்கத்துக் குரல்களும்தான். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தும், கிடைத்த வண்டியில் ஏறியும் வெளியேறினார்கள். ஐம்பது பேருக்கு மேல் மருத்துவமனை போனார்கள். ஊர் தன்னால் ஆனதைச் செய்தது. அதற்குத் தேவைப்பட்டது அறிவிப்பும் திசையும். ஆலைக்குள் நடக்கும் ஒத்திகைகளின் படங்கள் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன: ஹெல்மெட் அணிந்தவர்கள், ஸ்ட்ரெச்சர், வரிசையாக நிற்கும் தொழிலாளர்கள். மதிலுக்கு வெளியே, குப்பத்துத் தெருவில், லைன் வீட்டு வாசலில் அதே ஒத்திகை அதே அளவு அக்கறையோடு நடந்தால்தான் சட்டம் சொன்னதற்குப் பொருள் உண்டு.

பயந்த உடலைப் பற்றி ஜோம்பி கேம் அறிந்ததை எடுத்துக்கொண்டு, ஊரைப் பற்றிய அதன் தவறைத் திருத்தி ஒரு கேம் செய்ய முடியும். இன்றைய சாதாரண கம்ப்யூட்டரும் போனும் அதற்குப் போதும். கும்மிடிப்பூண்டியையோ எண்ணூரையோ ஒத்த ஓர் ஊர், இரவு ஷிப்ட் நேரம், கசிவது அம்மோனியா என்று வைத்துக்கொள்வோம். அம்மோனியா காற்றைவிட இலேசானது, ஆனால் அழுத்தத்தில் திரவமாக இருந்து பீறிட்டால் குளிர்ந்த மூட்டமாகத் தரையை ஒட்டிப் படரும். தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதால் நனைத்த துணி உதவும். அடுத்த கட்டத்தில் குளோரின் என்றால் கணக்கு மாறும். அது காற்றைப் போல இரண்டரை மடங்கு கனம். பள்ளத்திலும் கீழ்த்தளத்திலும் தேங்கும், ஆகவே மாடிக்குப் போக வேண்டும். ரக்கூன் சிட்டியில் தப்பும் வழி எப்போதும் சாக்கடை வழியாக, நிலத்தடி வழியாக இறங்குகிறது. குளோரின் கசிந்த ஊரில் அப்படி இறங்குபவர் சாவார். கோயில் கொடியோ ஆலைப் புகைபோக்கியோ காட்டும் காற்றின் திசையைப் பார்த்து, அதற்குக் குறுக்காக நடக்கக் கற்க வேண்டும். ஏறி இறங்கும் சங்கு ஆபத்துக்கு, ஒரே சீராக ஊதும் சங்கு ஆபத்து நீங்கியதற்கு என்று காது பிரித்தறிய வேண்டும். மிஸ்டர் எக்ஸின் கால்சத்தத்தைப் பிரித்தறிந்த காதுக்கு இது கடினம் அல்ல. எட்டு இடமுள்ள பையும் இருக்கட்டும், அதில் பாட்டியின் மாத்திரை வைக்க ஓர் இடம் வேண்டும். தட்டிய கதவு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். பக்கத்து அறையில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது, ஒடியாவோ இந்தியோ மட்டும் தெரியும் என்றால் சைகையில் எப்படிச் சொல்வது என்பதும் ஒரு கட்டம். நேரம் குறைவு, கதவுகள் பல, எந்தக் கதவை விடுவது என்ற முடிவு விளையாடுபவரின் கையில் இருக்கும். பற்றாக்குறையும் பதற்றமும் ரக்கூன் சிட்டியில் இருந்த அளவுக்கே அங்கேயும் இருக்கும். தெருவில் எதிரே வரும் உருவம் மட்டும், விளக்கைப் பிடித்துக்கொண்டு நம் கதவைத் தட்ட வந்தவராக இருப்பார்.